ஜோஹராவின் வளையல்கள்

பம்மலில் குடியிருப்பவர்கள் பேச்சை நடுவில் நிறுத்தப் பழகியவர்கள். மீனம்பாக்கத்தை நோக்கி விமானம் தாழப் போகும்போது, தொலைபேசியில் இருப்பவரிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஓசை அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களுக்கு வேறு ஓசை. நாகல்கேணி வழியாகப் போனால் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் எம்.ஐ.டி. எதிர்த்திசையில் பரங்கிமலை. அங்கே இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். வானமும் ஆயுதமும் எங்கள் பகுதிக்குத் தொலைவில் இல்லை. அவற்றின் வரலாற்றில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விதான் எனக்கு மிகத் தாமதமாக வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளாகப் பொறியியல் மாணவர்களுக்கும் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தாள்கள் உண்டு. அதனால் சங்க இலக்கியம் படித்த என்னைப் போன்றவர்கள் விமானப் பொறியியல் வகுப்புக்குள்ளும் போகிறோம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் வந்து நின்றாள். ஏவுகணை ஆய்வகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பள்ளிக்காலக் கனவு. "மேம், அன்னிக்கு வகுப்புல போர் வேணாம்னு அவ்வை சொன்னதா நடத்தினீங்க. நான் ஆயுதம் செய்யற வேலைக்குப் போனா தப்பா?" என்று கேட்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்கம்மா சங்கிலி அடகுல இருக்கு மேம். வேலைக்குப் போய்த்தான் மீட்கணும்" என்றாள்.

அம்மா தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் வளாகத்தில் வேலை செய்பவர். முதலாண்டுக் கட்டணத்துக்காகச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் சங்கிலி என்ற சொல் இன்னொரு நகையை நினைவுபடுத்தியது. அதுவும் குரோம்பேட்டையில் படிப்பதற்காக அடகு வைக்கப்பட்டதுதான்.

*

1950களின் நடுவில் ராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்கு எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சி. ராஜம் 1949இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. சேர்க்கைக்குச் சுமார் 1000 ரூபாய் வேண்டும். படகு வைத்துப் பிழைத்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி படிக்க வந்தார். அவர் அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே இதைச் சொல்கிறார். தன் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்பேன் என்று உறுதி எடுத்ததையும், அப்போதைக்குப் பணம் சேர்க்கத் தனக்கிருந்த ஒரே வழி நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவதுதான் என்பதையும் எழுதுகிறார்.

அதே நூலில் எம்.ஐ.டி. பற்றி வரும் இன்னொரு நிகழ்ச்சியைப் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்போம். கலாமும் நண்பர்களும் சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். வேலை பின்தங்கிவிட்டது. இயக்குநரான பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்து, மூன்று நாளில் வரைபடம் தராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்கிறார். கலாம் இரவெல்லாம் விழித்து முடிக்கிறார். நெருக்கடியில் மனிதன் எப்படி உயர்கிறான் என்பதற்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். அடுத்தடுத்த பக்கங்களாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த உதவித்தொகை போனால் அக்காவின் வளையல்கள் அடகுக் கடையிலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மாணவராக வரைந்த அந்தத் தாக்குதல் விமானத்தின் பின்னால் ஒரு பெண்ணின் வெறுங்கை இருக்கிறது.

ஜோஹராவின் தியாகம் என்று இதைச் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. தியாகம் என்று சொன்னதும் கணக்குக் கேட்கும் உரிமை போய்விடுகிறது. நம் குடும்பங்களில் பெண்ணின் கையில் இருந்த ஒரே சொத்து நகைதான். நிலமும் வீடும் படகும் ஆண்கள் பெயரில் இருந்தன. அவசரத்துக்கு முதலில் கழன்றது பெண்ணின் கழுத்தும் கையும். கழன்ற நகை பெரும்பாலும் ஒரு மகனின் படிப்பாகவோ தம்பியின் வேலையாகவோ ஆனது.

1983இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக் என்ற நான்கு ஏவுகணைகளும் அக்னி என்ற தொழில்நுட்பச் சோதனையும் அதில் அடக்கம். அக்னி முதன்முதலில் 1989 மே 22 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து பறந்தது. அந்த ஆண்டுக்குத் தமிழ்நாட்டுப் பெண்களின் வரலாற்றில் இன்னோர் இடம் உண்டு. இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்ற மாநிலச் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போன மகள்களுக்கு அதில் பங்கில்லை. ஜோஹராவின் சமூகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் நாடு ஏவுகணை விடத் தயாரான காலத்தில்தான் மகளுக்குச் சொத்து தரலாமா என்ற பேச்சு இங்கே முடிவுக்கு வந்தது என்பது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

*

அப்படியானால் பெண்கள் எப்போது படிக்கப் போனார்கள்? அதற்கும் எங்கள் பகுதியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். கிண்டிப் பொறியியல் கல்லூரி போதும்.

ஏ. லலிதா 1919இல் பிறந்தவர். சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பம். பதினைந்து வயதில் திருமணம். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். கைம்பெண் என்றால் தலைமழிப்பும் மூலையும் என்றிருந்த காலம். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, அரசுக் கல்வித்துறையிடமும் அனுமதி வாங்கி, மகளைத் தன் கல்லூரியிலேயே சேர்த்தார். பின்னர் பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் பொறியியலில் சேர்ந்தார்கள். 1943இல் லலிதா பட்டம் பெற்றபோது, ஆணுக்கென்றே அச்சடித்திருந்த சான்றிதழில் 'அவன்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுத வேண்டியிருந்தது. அச்சகத்துக்கு அப்படி ஒருத்தி வருவாள் என்று தோன்றியிருக்கவில்லை.

லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்காக உழைத்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல் வரும். லலிதாவுக்குக் கதவு திறந்தது அப்பா அந்தக் கதவுக்கு உள்ளே இருந்ததால். அப்படி ஓர் அப்பா இல்லாத பெண் என்ன செய்வாள்?

*

அந்தக் கேள்விக்கு ஒரு விடை ஆலப்புழையில் இருக்கிறது.

டெஸ்ஸி தாமஸ் 1963 ஏப்ரலில் பிறந்தார். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. தும்பாவைப் பற்றிக் கேட்டு வளர்ந்ததால் ராக்கெட் மீது ஆசை வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தபோது டெஸ்ஸிக்குப் பதின்மூன்று வயது. நடுத்தரக் குடும்பம், படிக்கும் பிள்ளைகள் பலர். திருச்சூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. நல்ல மதிப்பெண் எடுத்ததால் கல்விக் கட்டணத்துக்கு உதவித்தொகை. விடுதிச் செலவுக்கு ஸ்டேட் வங்கியில் மாதம் 100 ரூபாய் கல்விக்கடன்.

அந்த 100 ரூபாயை ஜோஹராவின் 1000 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே முப்பது ஆண்டுகள்கூட இல்லை. முன்னது ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து கழற்றப்பட்டு ஓர் ஆணின் படிப்பானது. பின்னது பொதுப்பணம், ஒரு பெண்ணின் பெயரிலேயே தரப்பட்டது. அரசுக் கல்லூரி, உதவித்தொகை, பொதுத்துறை வங்கி. 'ஏவுகணைப் பெண்', 'அக்னிபுத்திரி' என்றெல்லாம் பிற்காலத்தில் பத்திரிகைகள் சூட்டிய பட்டங்களுக்குக் கீழே கிடப்பவை இந்த மூன்றும்தான். திறமை ஆலப்புழையில் மட்டும் பிறக்கவில்லை. பம்மலிலும் அனகாபுத்தூரிலும் பிறந்திருக்கும்.

புனேயில் ராணுவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏவுகணைப் பொறியியலில் மேற்படிப்பை முடித்து, 1988இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் சேர்ந்தார் டெஸ்ஸி. அவருடைய துறை வழிநடத்தல். அதாவது, கிளம்பிய ஏவுகணை தான் எங்கே இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்பதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் முறை.

இரவில் மின்சாரம் போய்விட்டால் கூடத்திலிருந்து சமையலறைக்கு எப்படிப் போகிறோம்? எத்தனை அடி, எங்கே திரும்ப வேண்டும் என்பது காலுக்குத் தெரியும். எதையும் பார்க்காமலேயே போய் அலமாரியில் தீப்பெட்டியை எடுத்துவிடுகிறோம். நெடுந்தூர ஏவுகணையும் அப்படித்தான். திரும்பிய கோணத்தைச் சுழலிகளும், கூடிக் குறையும் வேகத்தை முடுக்கமானிகளும் கணத்துக்குக் கணம் அளக்கின்றன. அவற்றைக் கூட்டிக் கூட்டி ஏவுகணை தன் இருப்பிடத்தை அறிகிறது. வெளியிலிருந்து யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதலடியில் மயிரிழை பிசகினால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும்போது அந்தப் பிசகு ஊரளவு பெருத்துவிடும்.

இன்னொரு சிக்கல் எரிபொருளில் இருக்கிறது. திரவ எரிபொருள் என்றால் போதுமானபோது குழாயை மூடலாம். அக்னி வரிசையின் புதிய ஏவுகணைகள் திட எரிபொருளில் ஓடுபவை. தீபாவளி ராக்கெட் மாதிரி, பற்றவைத்தால் முழுதும் எரிந்துதான் அடங்கும். குறைந்த தூரத்துக்கு விட வேண்டுமானால் மிஞ்சும் ஆற்றலை என்ன செய்வது? வளைந்து நெளிந்து போகவைத்து அதைச் செலவழிக்க வேண்டும். அப்படிச் செலவழித்தும் குறி தவறக் கூடாது. இந்த ஆற்றல் கணக்கை வழிநடத்தலோடு சேர்த்துத் தீர்த்தது டெஸ்ஸியின் முக்கியமான பங்களிப்பு. வளிமண்டலத்துக்கு வெளியே போன ஏவுகணை திரும்ப நுழையும்போது அதன் மூக்கு 3000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காயும். கவசத்துக்குள்ளே இருப்பதோ 50 டிகிரியைத் தாண்டக் கூடாது.

வெற்றிகள் அடுக்கடுக்காக வந்துவிடவில்லை. 2006 ஜூலையில் அக்னி-3இன் முதல் சோதனை தோற்றது. டெஸ்ஸி அந்தத் திட்டத்தின் இணை இயக்குநர். 2007 ஏப்ரலில் அதே ஏவுகணை வென்றது. பிறகு அக்னி-2 பிரைம் என்ற பெயரில் உருவானது 2010 டிசம்பரில் கிளம்பிய சிறிது நேரத்திலேயே கடலில் விழுந்தது. ஓராண்டுக்குள், 2011 நவம்பர் 15 அன்று, அக்னி-4 என்ற புதுப்பெயருடன் அது வெற்றிகரமாகப் பறந்தது. திட்ட இயக்குநர் டெஸ்ஸி தாமஸ். இந்தியாவில் ஓர் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். 2012 ஏப்ரல் 19 அன்று 5000 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடிய அக்னி-5 ஒடிசாவின் வீலர் தீவிலிருந்து ஏவப்பட்டபோதும் அந்தப் பணியில் முன்னின்றார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, ரேடார் செயற்கைக்கோளான ரிசாட்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் அரியலூரில் பிறந்த ந. வளர்மதி. தமிழ்நாடு அரசின் அப்துல் கலாம் விருதை 2015இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே.

தோல்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண் தலைமையில் ஏவுகணை கடலில் விழுந்தால் அது ஏவுகணையின் தோல்வி. பெண் தலைமையில் விழுந்தால் பெண்களின் தோல்வியாகிவிடும் என்ற பயம் முதல் பெண்கள் எல்லோருக்கும் உண்டு. வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தவறாகப் பதில் சொல்லும் சலுகை அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை.

வெற்றிக்குப் பிறகு வந்த நேர்காணல்களோ இன்னொரு வகை. மகனின் பெயரும் இந்தியப் போர்விமானத்தின் பெயரும் தேஜஸ் என்று ஒன்றாக இருப்பதை ஆர்வமாகக் கேட்டு எழுதினார்கள். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆற்றல் கணக்கைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆண் விஞ்ஞானிகளிடம் வீட்டில் யார் சமைத்தது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் ஜோஹராக்களின் வரலாறு இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

டெஸ்ஸி 2018இல் டி.ஆர்.டி.ஓ.வின் வானூர்தி அமைப்புகளுக்கான தலைமை இயக்குநரானார். அவருக்குப் பிறகு கதவு மூடிக்கொள்ளவில்லை. 2024 மார்ச் 11 அன்று ஒரே அக்னி-5 பல போர்முனைகளைச் சுமந்து சென்று தனித்தனி இலக்குகளில் விடும் 'திவ்யாஸ்திரா' சோதனை நடந்தது. அந்தத் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஷீனா ராணி.

*

ஏவுகணையை விட்டால் திரும்ப வராது. அது அனுப்பும் தொலையளவுத் தகவல்கள் மட்டுமே கையில் மிஞ்சும். வெப்பம், அழுத்தம், அதிர்வு, திசை என்று நூற்றுக்கணக்கான எண்கள். தோற்ற ஏவுகணை ஏன் தோற்றது என்பதையும் அந்த எண்களைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். விமானச் சோதனை அப்படி இல்லை. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. அதனால் அடி அடியாகத்தான் போவார்கள். இன்று இந்த வேகம், இந்த உயரம். நாளை கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு பறப்புக்கும் எதைச் சோதிப்பது, எந்த எல்லையில் திரும்புவது என்று திட்டம் எழுதுபவர் பறப்புச் சோதனைப் பொறியாளர். விமானம் மேலே இருக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இறக்கை அதிரும் விதம் சரியில்லை என்று பட்டால் "நிறுத்து, திரும்பு" என்று சொல்ல வேண்டியவர் அவர். தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் பறந்ததும் இப்படிப்பட்டவர்களின் கணக்கில்தான்.

பெங்களூரில் விமானப்படையின் சோதனை விமானிகள் பள்ளி இதற்கான பயிற்சியைத் தருகிறது. 2021 மே மாதம் அங்கே 43ஆவது பறப்புச் சோதனைப் படிப்பு நிறைவடைந்தபோது, ஸ்குவாட்ரன் லீடர் ஆஷ்ரிதா ஒலெட்டி தேர்ச்சி பெற்று, இந்திய விமானப்படையின் முதல் பெண் பறப்புச் சோதனைப் பொறியாளர் ஆனார். அந்த எண்ணில் சற்று நிற்க வேண்டும். 43ஆவது.

இந்த வேலையின் மையம் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, மறுக்கும் அதிகாரம் என்று தோன்றுகிறது. எல்லோரும் கிளம்பத் துடிக்கும்போது எண்களைக் காட்டி "இன்று வேண்டாம்" என்று சொல்வது. நம் வீடுகளில் பெண்ணின் வாயில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. அந்த அறையில் அதற்கு மதிப்பு உண்டு. அதற்காகவே பெண்கள் அங்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

ஆனால் என் மாணவி கேட்டது போகலாமா என்று மட்டும் இல்லை. தப்பா என்று கேட்டாள். அதற்கு ஒடிசாவின் வெற்றிலைத் தோட்டங்களுக்குப் போக வேண்டும்.

1980களின் நடுவில் ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டத்தில், பாலியாபால் பகுதியில், தேசிய ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க அரசு முடிவு செய்தது. வெற்றிலைக் கொடியும் தென்னையும் நெல்லும் விளையும் வளமான கடலோரம். ஊர்களைக் காலி செய்ய மக்கள் மறுத்தார்கள். ஊருக்குள் வரும் வழிகளில் தடுப்பு போட்டுக் காவல் இருந்தார்கள். அதிகாரிகளின் வண்டி கண்ணில் பட்டால் பெண்கள் சங்கு ஊதினார்கள், தட்டைத் தட்டி ஒலி எழுப்பினார்கள். கேட்ட திசையெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வழியில் அமர்ந்தார்கள். முன்வரிசையில் குழந்தைகளோடு பெண்கள். தளம் அங்கே அமையவில்லை. சாந்திப்பூரில் 'இடைக்கால' என்ற அடைமொழியோடு அமைந்த தளமே நிலைத்துவிட்டது. பின்னர் அந்தச் சொல்லை 'ஒருங்கிணைந்த' என்று மாற்றிக்கொண்டார்கள். அங்கே சோதனை நடக்கும் நாட்களில் பக்கத்துக் கிராமத்தார் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறித் தற்காலிக முகாமில் காத்திருப்பது வழக்கம்.

ஏவுகணை வரலாற்றில் பாலியாபால் பெண்களுக்கும் இடம் உண்டு என்று வாதிடுவேன். அவர்களும் "நிறுத்து" என்று சொன்னவர்களே. கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே நின்று சொன்னார்கள். டெஸ்ஸியைக் கொண்டாடும் பெண்ணியம் சங்கு ஊதிய பெண்களை மறந்தால் அது பதவிப் பட்டியலாகச் சுருங்கிவிடும். சங்கு ஊதியவர்களை மட்டும் நினைத்து, கணக்குப் போட்டவளைப் போர்வெறிக்குத் துணைபோனவள் என்று ஒதுக்கினால், அறிவியலின் அறைகள் ஆண்களுக்கே எழுதிவைக்கப்பட்டுவிடும்.

விழும் பக்கத்தைப் பற்றித் தமிழுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈழத்துப் பெண் கவிஞர்களின் முதல் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்' 1986இல் வந்தது. அந்தத் தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் வானம் என்பது பதுங்குகுழியிலிருந்து பார்த்த வானம். நான் கவிதை எழுதத் தொடங்கிய நாட்களில் அந்தக் கவிதைகளைப் பம்மல் வீட்டின் மாடியில் படித்திருக்கிறேன். அப்போது தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை மட்டும் நிறுத்தினேன். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அக்னி என்ற பெயரைக் கேட்கும்போது தமிழ் படித்தவளுக்கு மதுரை நினைவுக்கு வராமல் இருக்காது. கண்ணகி முன் தீக்கடவுள் தோன்றி யாரையெல்லாம் விட்டுவிடட்டும் என்று கேட்கிறான். அவள் பட்டியல் தருகிறாள். அறவோர், அந்தணர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள். பத்தினி அல்லாதவள் என்று ஊர் சொன்ன பெண் எரியலாமா என்று அந்தப் பட்டியலோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. என்றாலும் தீயை ஏவியவள் அதற்கு வரம்பும் சொன்னாள். இன்றைய அக்னி குறி தவறாது. குறியான ஊருக்குள் குழந்தை எது, முதியவர் எவர் என்று அது கேட்காது. அணுகுண்டைச் சுமக்கும் ஏவுகணைக்கு அப்படிக் கேட்கவும் முடியாது. கேட்க வேண்டியவர்கள் ஏவும் முன் கேட்க வேண்டும்.

*

தொண்டைமண்டலத்தில் வாழும் எங்களுக்கு ஆயுதக் கதைகள் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயப் படையை நொறுக்கினார்கள். அந்தப் போரில் இரும்புக் குழல் கொண்ட மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. அந்த ராக்கெட்டுகள் சீறும் போர்க்காட்சி ஓவியம் ஒன்றை அமெரிக்காவின் நாசா தளத்தில் பார்த்துப் பெருமைப்பட்டதாகக் கலாம் எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிட நெருக்கமானது அதே காஞ்சியில் அதற்கும் பல நூற்றாண்டு முன்பு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சந்திப்பு.

அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் போர் மூளும் நிலை. அதியமானின் தூதாக அவ்வை வருகிறாள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளப்பாக வரிசையில் இருக்கின்றன. அவ்வை பார்க்கிறாள். உன் ஆயுதங்கள் அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போலச் சொல்லி, நீ போர் அறியாதவன் என்று உணர்த்துகிறாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இருபது ஆண்டுகளாக அதை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நடத்தியிருக்கிறேன்.

மாணவியின் கேள்விக்குப் பிறகு வேறு மாதிரி படித்தேன். ஓர் அரசனின் ஆயுதச்சாலைக்குள் போய், கண்ணால் பார்த்து, பார்த்ததை அவன் முகத்துக்கு நேரே சொன்ன பெண் ஒருத்தி நம் இலக்கியத்தில் இருக்கிறாள். எது பளபளப்பு, எது தேய்மானம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் அவள் சொல்லுக்கு எடை இருந்தது. அவளும் ஓர் அரசனின் ஆள்தான், எல்லா அரசர்களுக்கும் மேலான சமாதானத் தேவதை அல்ல என்பதையும் மறைக்க வேண்டாம். அரசனின் சோற்றை உண்டபடியே போரைத் தடுக்கப் பேசினாள்.

மறுவாரம் அவளிடம் இதைச் சொன்னேன். "தப்புன்னு சொல்ல மாட்டேன். போ. ஆனா பாலியாபால்னு ஒரு ஊர் இருந்துச்சுன்னு தெரிஞ்சுட்டுப் போ. நீ போடற கணக்கு எங்க போய் விழும்னு ஒவ்வொரு தடவையும் கேளு. அங்க உனக்கு வேணாம்னு பட்டா வேணாம்னு சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படிச் சொன்னா வேலை போயிடும்ல மேம்?" என்றாள். சங்கிலி அவள் கண்ணில் இருந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும் நகையோடு ஒரு பெண் ஓர் அறைக்குள் போனால், அவளால் எவ்வளவு மறுக்க முடியும்? மாதம் 100 ரூபாய் கடனில் ஒரு பெண் பொறியியல் படித்துவிட முடிந்த நாட்டில், தனியார் கல்லூரிக் கட்டணம் மறுபடி அம்மாக்களின் கழுத்துக்கே வந்திருக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களும் உதவித்தொகையும் பெருகுவது பற்றிப் பேசினால் பொருளாதாரம் என்கிறார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று பேசினால் அரசியல் என்கிறார்கள். என் மாணவிக்கு இரண்டும் ஒரே பேச்சுதான். கடனில்லாமல் உள்ளே போகிறவளால்தான் உள்ளே நின்று "நிறுத்து" என்று சொல்ல முடியும்.

இதை அவளிடம் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஒன்று வந்துவிட்டது. இருவரும் அது போகும்வரை காத்திருந்தோம். அவள் தலையைத் தூக்கிப் பார்த்து, அது எந்த ரகம், எத்தனை இன்ஜின் என்று சொன்னாள். எனக்கு அது வரைக்கும் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. இந்த மாத வட்டியை அம்மா கட்டிவிட்டார்.